கேஸ் கீசர்: இத்தனை சேஃப்டி இருந்தும் பாத்ரூமுக்குள் ஏன் வைக்கக் கூடாது?

பெங்களூரு, புனே, டெல்லி என்று வேலைக்காக வீடு தேடும்போது, பாத்ரூம் சுவரில் கேஸ் கீசர் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் பில் மிச்சம், வெந்நீரும் உடனே வரும். "எல்லா சேஃப்டியும் இருக்கு, பயப்படாதீங்க" என்பார் ஓனர். அது பொய்யில்லை. ஆனால் அந்த சேஃப்டி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது?

குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். அப்போதுதான் கேஸ் திறக்கும். தண்ணீர் நின்றால் கேஸும் நின்றுவிடும்.

அடுத்து, சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி. தீ எரியும்வரை சுடர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். தீ அணைந்தால் அது அறுபட்டு, சில நொடிகளில் வால்வு மூடிக்கொள்ளும். எரியாத கேஸ் அறைக்குள் பரவாமல் காப்பது இதுதான்.

தண்ணீர் அளவுக்கு மீறி சூடானால் கேஸை நிறுத்த ஒரு ஸ்விட்ச் உண்டு. பல மாடல்களில், 20 நிமிடம் தொடர்ந்து எரிந்தால் தானாக அணைக்கும் டைமரும் உண்டு.

அப்புறம் என்ன பிரச்சினை?

இவை எல்லாம் கவனிப்பது தண்ணீர், தீ, சூடு, நேரம் ஆகியவற்றை மட்டுமே. நீங்கள் சுவாசிக்கும் காற்றை இவை கவனிப்பதில்லை.

நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடாக்கும் கீசர், அதே நிமிடத்தில் சுமார் 200 லிட்டர் காற்றை இழுத்துக்கொள்ளும். 5க்கு 6 அடி பாத்ரூமில், 8 அடி உயரத்துக்கு மொத்தம் இருப்பதே சுமார் 6,800 லிட்டர்தான். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு 15 நிமிடம் குளித்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள்.

ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு உருவாகும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சமையல் கேஸ் கசிந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கி, கதவைத் திறக்கும் முன்பே மயங்கி விழலாம்.

சில மாடல்களில் ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடிக்கும் சென்சார் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பர்னரில் அடைப்பு ஏற்பட்டு உருவாகும் கார்பன் மோனாக்சைடை அது நேரடியாக அளக்காது.

எக்ஸாஸ்ட் ஃபேன் போதாதா?

போதாது. வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால், புகைக்குழாய் வழியே போக வேண்டிய புகையை ஃபேன் அறைக்குள்ளேயே திருப்பி இழுக்கக்கூடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கீசரை காற்றோட்டமான பால்கனியிலோ யூட்டிலிட்டி ஏரியாவிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் பைப்பில் பாத்ரூமுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்டால் ஓனர் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். முடியாது என்றால் எலக்ட்ரிக் கீசர் கேளுங்கள்.

சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்தாலோ, சர்வீஸ் செய்யும்வரை பயன்படுத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கும்போது கவனம்: கேஸ் லீக் டிடெக்டர் வேறு, இது வேறு.

குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் தரவில்லையா? கதவைத் திறந்து, கேஸை மூடி, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 108 அல்லது 112-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே காட்டும். "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அந்த ஒரு தகவல் முடிவு செய்யும்.