போலிச் சமவாய்ப்பு அணிகள்

பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றினாலும் திட்டமான விதிப்படி அமைந்த எண் கட்டம் போலிச் சமவாய்ப்பு அணி எனப்படும். முடிவுறு களங்களின் 'கேரக்டர்' எனும் சார்புகளால் இதை அமைக்கலாம். அவற்றுள் எளியது வர்க்கக் கேரக்டர்: பூச்சியமல்லாத வர்க்க உறுப்புக்கு +1, வர்க்கமல்லாததற்கு −1, பூச்சியத்துக்கு 0.

49 உறுப்புக் களத்தில் இதற்குச் சுருக்கு வழி உண்டு. கட்டம் போட்ட நோட்டே போதும். 7 × 7 கட்டத்தின் நிரை, நிரல்களுக்கு 0 முதல் 6 வரை எண்ணிடுக. ஒவ்வொரு கட்டத்துக்கும் அவ்விரு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி 7ஆல் வகுக்க. மீதி 1, 2, 4 எனில் +1. 3, 5, 6 எனில் −1. மூலைக் கட்டத்தில் மட்டும் 0. அணியின் நகலை எப்பக்கம் நகர்த்தி (விளிம்பைத் தாண்டியவை மறுபுறம் நுழையும்), ஒன்றன்மேல் ஒன்றான எண்களைப் பெருக்கிக் கூட்டினாலும் −1தான் வரும். நகர்த்தாதபோது மட்டும் 48. செஞ்சிச் சமவெளியில் மூன்று மலைகள் எழும்; இங்கே ஒன்றே ஒன்று. 343 உறுப்புக் களம் இவ்வாறே முப்பரிமாண அணியைத் தரும்.

அந்த ஒற்றை உச்சமே பயன். 2015இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களைக் காணும் கருவி ஒன்று உள்ளது. இக்கதிர்களைக் கண்ணாடி வில்லை குவிக்காது. ஆகவே உணரிக்கு மேலே துளையிட்ட டாண்டலம் தகடு. கதிர் வரும் திசைக்கேற்ப அதன் நிழல் நகரும். நிழலை அணியோடு ஒப்பிட்டால் உச்சம் எழும் இடம் திசையைச் சொல்லிவிடும். உச்சங்கள் பல எழுந்தால் ஒரே விண்பொருள் பலவாகத் தெரியும். அத்துளைகளின் அமைப்பு 255 உறுப்புப் போலி இரைச்சல் வரிசைகளைக் கொண்டது. இத்தகைய வரிசைகளை 256 உறுப்புக் களத்தின் கூட்டல் கேரக்டரிலிருந்து பெறலாம்.