வராமல் போன மூன்றாவது அலை

மே 5 ஜப்பானில் குழந்தைகள் தினம். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர வேண்டுமென்று கெண்டை மீன் வடிவத் துணிக்கொடிகளை உயரக் கட்டிப் பறக்கவிடுவார்கள். அதையொட்டி ஆண்டுதோறும் அரசு ஒரு கணக்கையும் வெளியிடுகிறது. 2025 கணக்குப்படி 15 வயதுக்கு உட்பட்டோர் 1.366 கோடி, மக்கள்தொகையில் 11.1 சதவீதம். எண்ணிக்கை 44 ஆண்டுகளாக இறங்குமுகம்தான். 1950-இல் மூவரில் ஒருவருக்கு மேல் குழந்தை. இன்றோ 65 வயதைத் தொட்டவர்கள் மட்டும் சுமார் 29 சதவீதம்.

என்னை அதிகம் கலங்க வைப்பது அதே கணக்கின் இன்னொரு வரி. 12 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 31.4 லட்சம்; மூன்று வயது நிரம்பாதவர்கள் 22.2 லட்சம். மூத்தவர்கள் நூறு பேர் என்றால், பின்னால் வருவது எழுபது பேர். ஷிகோகு தீவின் மலைக் கிராமமான நாகோரோவில் பள்ளி 2012-இல் மூடப்பட்டது. அங்கே வகுப்பறை மேசைகளில் இப்போது ஆளுயரத் துணிப் பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன.

இது தலைவிதி அல்ல. போருக்குப் பின் 1947-49இல் ஆண்டுக்கு சுமார் 27 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் பெற்றோரானபோது, 1971-74இல், மீண்டும் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டியது. மூன்றாவது அலை 2000-ஐ ஒட்டி எழுந்திருக்க வேண்டும். ஆனால் 1971-74இல் பிறந்த தலைமுறை படிப்பை முடித்த நேரத்தில் பொருளாதாரம் சரிந்தது. நிறுவனங்கள் ஆளெடுப்பை நிறுத்தின. கிடைத்தது ஒப்பந்த வேலையும் தற்காலிக வேலையும்தான். நிலையான சம்பளமில்லாத ஆண்களுக்குக் கல்யாணம் தள்ளிப்போனது, பலருக்கு நடக்கவேயில்லை. திருமணத்துக்கு வெளியே பிறப்பது நூற்றில் இரண்டு மட்டுமே என்கிற நாட்டில், கல்யாணம் நின்றால் தொட்டிலும் நின்றுவிடும்.

எச்சரிக்கை மணி முன்பே அடித்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.57 குழந்தை என்று 1989-இல் விகிதம் விழுந்தபோது நாடே அதிர்ந்தது. அதன்பின் 1994-இல் வந்த திட்டம் குழந்தைக் காப்பகங்களில்தான் முக்கியமாகக் கவனம் வைத்தது. அது ஏற்கெனவே பெற்றோரானவர்களுக்கு உதவியது. வேலை தேடி அலைந்தவர்களை விட்டுவிட்டது.

அவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். 2023-இல் குழந்தைகளுக்கென்றே தனி அரசு முகமை தொடங்கப்பட்டது. 2024-இல் குழந்தை உதவித்தொகைக்கு இருந்த வருமான வரம்பு நீங்கியது. இரண்டும் நல்லவை. ஆனால் இருபதுகளில் இருக்கும் பெண்களே இப்போது குறைவு. விகிதம் கொஞ்சம் ஏறினாலும் மொத்தப் பிறப்பு ஏறாது. 2024-இல் விகிதம் 1.15, பிறப்பு முதல்முறையாக ஏழு லட்சத்துக்குக் கீழே போனது. இன்றும் அங்கே ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தர வேலை இல்லாதவர்கள்தான்.