ஆத்தங்குடிக் கல்லும் விடாமுயற்சியும்

வானம் பார்த்த பூமியில் வாழும் குடியானவர், பயிர்த்தொழில் ஒன்றையே நம்பியிருத்தல் போதாது. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவதற்கு ஒரு கைத்தொழில் வேண்டும். அத்தொழில் நிலைபெறுவதற்கோ, பெருமூலதனத்தைக் காட்டிலும் பொறுமையும் இடைவிடா உழைப்புமே அவசியம். இதற்குத் தக்க உதாரணம் செட்டிநாட்டில், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் காணக்கிடக்கின்றது.

இவ்வூரில் செய்யப்படும் தளக்கல்லுக்குச் சூளை வேண்டுவதில்லை. பெரிய இயந்திரமும் வேண்டுவதில்லை. மணல், சிமிண்டு, வர்ணப்பொடி, தண்ணீர், கண்ணாடித் தகடு, இரும்புச் சட்டம் ஆகியவையே போதும். கண்ணாடியின்மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூவேலை அச்சைப் பொருத்துவர். அச்சின் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய வர்ணக் குழம்பை ஊற்றியபின், அச்சை மெல்லத் தூக்குவர். இச்சமயத்தில் கை சற்று நடுங்கினாலும் வர்ணங்கள் கலந்துவிடும், கல் பயனற்றதாகும். பின்பு, உலர்ந்த மணலும் சிமிண்டும் கலந்த பொடியைத் தூவுவர். அது வர்ணத்திலுள்ள மிகுதியான ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் சாந்தை இட்டு மட்டஞ்செய்து, சட்டத்தைக் கழற்றுவர்.

இனிச் செய்யவேண்டியது காத்திருத்தலே. கல் வெயிலில் இறுகியபின், நீர்த்தொட்டியில் சில நாட்கள் ஊறவேண்டும். சிமிண்டு தண்ணீருடன் சேர்ந்தே வலிமை பெறுவதாகையால், அவசரப்பட்டு முன்னதாக எடுத்த கல் உறுதியாயிராது. முறைப்படி பக்குவமான கல்லினின்று கண்ணாடி பிரியும்போது, அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் படிந்திருக்கும். மழைக்காலத்தில் வெயிலின்றி வேலை தடைப்படுவதும் உண்டு.

இத்தொழிலுக்குச் சோதனைக் காலமும் வந்தது. பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வாணிபஞ்செய்து பொருளீட்டிய நகரத்தார், தம் ஊர்களில் மாளிகைகள் கட்டிய காலத்தில் இக்கல்லை விரும்பி வாங்கினர். 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின், அங்கிருந்த சொத்துக்கள் பெரிதும் கைவிட்டுப் போயின. மாளிகை கட்டுதலும் குன்றியது. பிற்காலத்தில் ஆலைகளில் செய்த பீங்கான் தளக்கற்கள் மலிவாகக் கிடைத்தன. அந்நிலையில் பட்டறைகள் யாவும் மூடப்பட்டிருக்குமாயின், கையோடு கையாய் வந்த இவ்வித்தை அடியோடு மறைந்திருக்கும். சிலர் விடாது செய்துவந்தமையாலேயே, பழைய இல்லங்களைப் பழுதுபார்ப்போரும் புது வீடு கட்டுவோரும் மீண்டும் தேடிவந்தபோது, கற்றறிந்த கைகள் ஊரில் இருந்தன. 2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றமை, இப்பகுதியின் கட்டிடக்கலைக்குக் கிடைத்த மதிப்பாகும்.

இக்கல்லைப் பதித்தவர்களுக்கும் சிறிது உழைப்பு உண்டு. நாள்தோறும் தண்ணீரால் துடைத்து, இடையிடையே சிறிது தேங்காயெண்ணெய் பூசிவரின், காலடி படப்பட மினுக்கு ஏறும். அமிலம் இட்டுக் கழுவலாகாது. அது சிமிண்டை அரித்துவிடும்.

கிராமத்தில் ஒரு தொழில் தொடங்குவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக. முதல் மாதத்தில் கண்ட நஷ்டத்தால் மனந்தளர்ந்து கைவிட்ட தொழில் எவருக்கும் பயன்படாது. செய்முறையில் எந்தப் படியையும் குறைக்காமலும், வாங்குவோர் குறைந்த காலத்திலும் கைப்பழக்கத்தை விடாமலும் உழைப்பவருக்கே, நல்ல காலம் வரும்போது அதனை ஏற்கும் தகுதி இருக்கும்.