சொந்த வீடு, பொதுச் சுவர் – 7
திரைக்கம்பி யாருடையது?

2021 ஜூன் 24 அதிகாலையில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் சரிந்து 98 பேர் இறந்ததைப் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் நஷ்டஈட்டுக் கணக்கு என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்த மாநிலத்தின் காண்டோமினியம் சட்டத்தில் (அத்தியாயம் 718) ஒரு பிரிவு என்னை நகரவிடவில்லை.

கட்டடத்துக்கு வீட்டுக்காரர்களின் சங்கம்தான் காப்பீடு எடுக்க வேண்டும். எதுவரை? மூல வரைபடத்தின்படி கட்டியபோது இருந்தவை எல்லாம். உங்கள் படுக்கையறையின் ஜிப்சம் போர்டுச் சுவர் உட்பட. ஆனால் அந்தச் சுவரின் மேலுள்ள பெயின்ட் உங்களுடையது! தரைவிரிப்பு, விளக்கு, வாட்டர் ஹீட்டர், வாட்டர் ஃபில்டர், சமையலறை அலமாரி, மேடைக்கல், ஜன்னல் திரை, திரையை மாட்டும் சாமான்வரை பெயர் சொல்லி உங்கள் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். திரைக்கம்பிவரை யோசித்து எழுதிய அந்தக் கைகளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சண்டை வருவது அங்கேதானே!

மேல்வீட்டு ஹீட்டர் வெடித்துக் கீழ்வீட்டுக் கூரை ஊறி விழுகிறது என்று வையுங்கள். கூரைப் பலகை சங்கத்தின் பாலிசியில் வரும். அதன் பெயின்ட்டும் கீழே நனைந்த கார்ப்பெட்டும் கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக்கெனத் தனியாக எடுத்திருக்கும் ‘எச்ஓ-6’ பாலிசியில். ஹீட்டர் மேல்வீட்டுக்காரர் கணக்கில். ஒரே தண்ணீர், மூன்று பாலிசி. சங்கம் தன் பாலிசிப்படி முதலில் கைக்காசாகப் போட வேண்டிய தொகை இருக்கிறதே, அதுவும் பொதுச்செலவு. கடைசியில் எல்லா வீட்டுக்காரர்களும்தான் தர வேண்டும்.

இப்படித் தலைக்கு இவ்வளவு என்று விழும் வசூலுக்காகவே எச்ஓ-6-இல் ‘லாஸ் அசெஸ்மென்ட்’ என்றொரு பகுதி உண்டு. ஃபுளோரிடா சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 2,000 டாலர். எனக்கு இது போதவே போதாது என்றுதான் படுகிறது. வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிக் கூட்டினாலும், தீ, புயல் போல உங்கள் பாலிசி ஏற்கும் காரணத்தால் வந்த சேதத்துக்குத்தான் பணம் வரும். வருடக்கணக்கில் அரித்த கான்கிரீட்டைச் சரிசெய்ய வசூலித்தால் வராது.

சாம்ப்ளெயினில் வந்தது இந்த இரண்டாவது வகை. 2018-லேயே ஒரு பொறியாளர் கான்கிரீட் சேதத்தை எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்க 1.5 கோடி டாலர் வசூலிக்கச் சங்கம் முடிவெடுத்தது 2021 ஏப்ரலில். ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கே சுமார் 80,000 டாலர். முதல் தவணைக்குக் கெடு ஜூலை 1. கட்டடம் அதற்கு ஒரு வாரம் முன்பே விழுந்துவிட்டது.

அதன் பிறகு 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு திரண்டது. அதில் வீட்டை இழந்தவர்களுக்கும் உறவை இழந்தவர்களுக்கும் நடந்த பங்கீடு, அடுத்த வாரம்.