தங்கம் தோண்டியவர்கள் கூடிய இடம்

கோலார் தங்கவயலின் நடன மண்டபங்களை நினைவுகூர ஆல்பங்கள் உண்டு. தொழிலாளர்கள் கூடிய வாசகசாலைகள் விட்டுச் சென்றது சில புத்தகங்களை.

விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு வந்து சேர்கிறது. இறங்கும் கூட்டம் கட்டட வேலைக்கும் கடைகளுக்கும் காவல் பணிக்கும் அலுவலகங்களுக்குமாகக் கலைந்து போகிறது. இவர்களில் பலருடைய தாத்தாக்கள் பூமிக்குள் இறங்கியவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். பேரப்பிள்ளைகள் பிழைப்புக்காகத் தினமும் சுமார் 100 கிலோமீட்டர் தண்டவாளத்தில் போகிறார்கள்.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வேலை இழந்தார்கள். அது கணக்கில் வந்த இழப்பு. ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு நாலு பேரோடு போய் உட்கார ஓர் இடம் இருந்ததே, அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த இடமும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் வந்தன. சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் 1902இலேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. பெங்களூரு நகரத் தெருக்கள் 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்குத் தனி மண்டபங்கள், கிறிஸ்துமஸ் நடனங்கள். அவர்களில் ஒருவரான பிரிட்ஜெட் வைட் குமார் அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்து 'லைன்' என்று சொல்லப்பட்ட தட்டி வீடுகளில் அடைந்து கிடந்த தமிழர்களுக்கு அந்தக் கதவுகள் திறக்கவில்லை. பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் தொழிற்சங்கம்கூடக் கிடையாது. ஆனாலும் கூடத் தெரிந்தவர்கள். அதற்கு வெகுகாலம் முன்பே பழகியிருந்தார்கள்.

சென்னையில் 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் வலுவான கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர்விட்டன. விடுமுறை நாளில் சொற்பொழிவு. 1907இல் அவர் ஆரம்பித்த 'தமிழன்' வார இதழை எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்பார்கள். 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு சென்னை அவரை மறந்தது. சுரங்கத்துக்காரர்கள் மறக்கவில்லை. ஜி. அப்பாதுரையார் 1926இல் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார். சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மீண்டும் மீண்டும் அச்சிட்டது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்து தமிழ்நாட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பியபோது, பல வாசகர்களுக்கு அது புதுக் கண்டுபிடிப்பாக இருந்தது. தங்கவயலில் அது பழைய விஷயம்!

இப்படிப்பட்ட இடத்தைக் காப்பாற்றுவது ஒன்றும் நடக்காத காரியம் அல்ல. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஓக்டேல் நிலக்கரித் தொழிலாளர்களுக்கு 1917இல் ஒரு மன்றம் எழுந்தது. கட்டக் கம்பெனி கொடுத்த கடனைத் தொழிலாளர்கள் கூலியிலிருந்து அடைத்தார்கள். சுரங்கத்தின் காலம் முடிந்ததும் கட்டடத்தைப் பிரித்தெடுத்துச் செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். 1995இல் அது திறக்கப்பட்டது. அங்கே நூலகமும் வாசிப்பறையும் அன்றிருந்த மாதிரியே இருக்கின்றன.

தங்கவயலில் இருப்பது சயனைடு மேடு. சினிமாக்காரர்கள் அதைத் தேடி வந்து படமெடுத்தார்கள். 2018இல் வெளியான 'கே.ஜி.எஃப்.' படத்தால் இந்த ஊரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. 2024 ஜூனில், 13 மண்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பரப்பு 1,003 ஏக்கர், மண் சுமார் 3.3 கோடி டன் என்று அளவு துல்லியம். எந்த லைனில் எந்த வாசகசாலை இருந்தது, எந்தத் திண்ணையில் 'தமிழன்' வாசித்தார்கள் என்று கேட்டால், பழைய லைன்களில் மிச்சமிருக்கும் பெரியவர்கள்தான் கைநீட்டிக் காட்ட வேண்டும்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ அந்த நேரத்தில் பெங்களூரில் மாலை ரயிலுக்குக் காத்து நிற்கிறார்கள்.