கோலாட்டத்தில் ஒரு சிறு கணக்கு

விழாக்காலம் வந்தால் நம் சங்க மேடைகளில் சிறுமியர் கோலாட்டம் நிகழ்வதுண்டு. ஆட்டம் முடிவதற்குள் ஒவ்வொரு சிறுமியும் எதிர்வட்டத்தார் அனைவருடனும் கோல் தட்டியிருத்தல் வேண்டும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறிய நம் குழந்தைகள் ஒருவரோடொருவர் பழக இதனினும் இனிய வழி ஏது?

இதற்கு எளிய கணக்கே போதும். உள்வட்டத்தில் 8 பேர், வெளிவட்டத்தில் 8 பேர் எதிரெதிரே நிற்பதாகக் கொள்வோம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 அட்சரம். ஆவர்த்தனந்தோறும் இரு வட்டத்தாரும் தத்தம் வலப்புறம் ஓரிடம் நகர்ந்தால், அடுத்து எதிர்ப்படுபவர் இரண்டிடம் தள்ளி நின்றவராவார். ஆகவே நான்கே ஆவர்த்தனங்களில் சுற்று முடிந்து பழைய இணையே திரும்பிவிடும். எஞ்சிய நால்வரை எத்தனை சுற்று ஆடினும் சந்திக்க இயலாது! வட்டத்திற்கு 7 பேராயின் எழுவரையும் தவறாது சந்திக்கலாம். ஒற்றைப்படை எண்ணின் சிறப்பு இது.

8 பேரே ஆட வேண்டுமெனில், உள்வட்டத்தை நிறுத்தி வெளிவட்டத்தை மட்டும் நகர்த்துவோம். 8 ஆவர்த்தனங்களில், அதாவது 64 அட்சரங்களில், ஒருவரும் விடுபடார். பாட்டின் அடிகளையும் அதற்கேற்ப எண்ணி அமைத்தல் நலம்.

ஒத்திகைக்கு முன் தரையில் இரு வட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை நகர்த்திப் பார்க்குமாறு குழந்தைகளிடமே விட்டுவிடுவோம். கணக்கும் ஆட்டமும் ஒருங்கே கைவரும்.