பேஸ்பால் புகழ் மண்டபமும் வீச்சாளர் தேர்வு விவாதமும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் தேசிய பேஸ்பால் புகழ் மண்டபம் (ஹால் ஆஃப் ஃபேம்) அமைந்துள்ளது. அடிபந்தாட்டம் எனத் தமிழில் வழங்கப்படும் பேஸ்பாலில் ஒரு வீரர் பெறக்கூடிய மிக உயர்ந்த மதிப்பு இம்மண்டபத்தில் இடம்பெறுவதாகும். 1936 இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன் ஆகிய இருவர் வீச்சாளர்கள் (பிட்சர்கள்). எந்த வீச்சாளர் இம்மதிப்புக்கு உரியவர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. நீண்ட காலம் ஆடிச் சேர்த்த எண்ணிக்கை, சில ஆண்டுகள் எட்டிய உச்சம், நடத்தை ஆகிய மூன்றில் எதற்கு முதலிடம் என்பதே இவ்விவாதத்தின் மையம்.

தேர்வு முறை

பத்துப் பருவங்களாவது ஆடி, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆன வீரர்களே வாக்குச்சீட்டில் இடம்பெறலாம். அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள் வாக்களிக்கின்றனர். ஒருவர் பத்துப் பெயர்கள் வரை தேர்வு செய்யலாம். 75 விழுக்காடு வாக்குப் பெற்றவர் தேர்வாகிறார். 5 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்றவரின் பெயர் சீட்டிலிருந்து நீக்கப்படுகிறது. ஒருவர் பெயர் பத்து ஆண்டுகள் வரை சீட்டில் நீடிக்கலாம். 2014 வரை இது பதினைந்து ஆண்டுகளாக இருந்தது. எழுத்தாளர்களால் தேர்வாகாதவர்களைப் பின்னர் தனிக் குழுக்கள் பரிசீலிக்கும்.

வெற்றிக் கணக்கு

கிரிக்கெட்டில் பந்து வீச்சாளரின் பெயரில் விக்கெட்டுகள் எண்ணப்படுகின்றன. பேஸ்பாலில் இதற்கு மேலாக, அணியின் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் ஒரு வீச்சாளரின் கணக்கில் எழுதப்படுகிறது. சை யங் பெற்ற 511 வெற்றிகளே இதில் உச்சம். 300 வெற்றிகளை எட்டியவர்கள் மொத்தம் 24 பேர். இவர்களுள் ராஜர் கிளெமென்ஸ் தவிர்த்த 23 பேரும் மண்டபத்தில் உள்ளனர். இதனால் 300 என்னும் எண் எழுதப்படாத விதிபோல ஆயிற்று.

இந்த எண்ணின் பிடியை பெர்ட் பிளைலெவனின் வரலாறு காட்டுகிறது. 3,701 ஸ்ட்ரைக் அவுட்டுகள் எடுத்த அவர் 287 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார். 1998 இல் அவருக்குக் கிடைத்தவை 17.5 விழுக்காடு வாக்குகளே. அவர் தேர்வானது 2011 இல், பதினான்காம் முயற்சியில். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. வாக்காளர்களின் அளவுகோலே மாறியது. தன் அணி ஓட்டம் எடுக்காவிட்டால் எவ்வளவு சிறந்த வீச்சாளரும் வெல்ல முடியாது என்ற வாதம் மெல்ல ஏற்கப்பட்டது.

2010 இல் சியாட்டில் அணியின் ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி மட்டுமே பெற்றிருந்தும், ஆண்டின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதை வென்றார். அவரது அணி அவ்வாண்டு 101 ஆட்டங்களில் தோற்றது. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரியோ 2.27 தான். தடுப்பாளர்களின் பிழையால் வரும் ஓட்டங்கள் இச்சராசரியில் சேர்க்கப்படுவதில்லை.

கோஃபாக்ஸும் சான்டானாவும்

நீண்ட ஆட்ட வாழ்வு கட்டாயமா என்ற கேள்விக்கு இருவரை ஒப்பிடுவது வழக்கம். சாண்டி கோஃபாக்ஸ் முழங்கை மூட்டுவாதத்தால் 1966 இல், 30 வயதில் ஓய்வு பெற்றார். அவர் பெற்ற வெற்றிகள் 165 மட்டுமே. எனினும் 1972 இல் முதல் வாய்ப்பிலேயே 86.9 விழுக்காடு வாக்குகளுடன் தேர்வானார். யோகான் சான்டானாவின் ஆட்டமும் காயத்தால் முடிந்தது. 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் சை யங் விருது பெற்று, 139 வெற்றிகளுடன் ஓய்ந்த அவருக்கு 2018 இல் கிடைத்தவை 2.4 விழுக்காடு வாக்குகளே. முதல் ஆண்டிலேயே அவர் பெயர் நீங்கியது.

கோஃபாக்ஸின் ஓட்டச் சராசரி 2.76, சான்டானாவினது 3.20. ஆனால் 1960களில் ஓட்டங்கள் அரிதாகவே கிடைத்தன. 2000களில் தாராளமாகக் கிடைத்தன. காலத்தையும் மைதானத்தையும் கணக்கில் கொண்டு, சராசரி வீச்சாளரை 100 எனக் கொள்ளும் அளவையில் கோஃபாக்ஸ் 131, சான்டானா 136 பெறுகின்றனர்.

கோஃபாக்ஸ் தரப்பிலும் வலுவான சான்றுகள் உள்ளன. அவர் எறிந்த இன்னிங்ஸ் 2,324. சான்டானா எறிந்தவை 2,025. இரு லீகுகளுக்கும் சேர்த்து ஒரே சை யங் விருது வழங்கப்பட்ட காலத்தில் அவர் அதை மூன்று முறை வென்றார். உலகத் தொடரில் அவரது ஓட்டச் சராசரி 0.95, சான்டானாவுக்கு உலகத் தொடரில் ஆடும் வாய்ப்பே அமையவில்லை. ஆகவே கோஃபாக்ஸ் உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 87க்கும் 2க்கும் உள்ள தொலைவு இருவரின் ஆட்டத்திற்கும் இடையே இருந்ததா என்பதே விமர்சகர்களின் கேள்வி.

நடத்தை விதி

ஆட்டத்திறனுடன் நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றையும் கருதுமாறு தேர்வு விதி கூறுகிறது. கிளெமென்ஸ் 354 வெற்றிகளும் ஏழு சை யங் விருதுகளும் பெற்றவர். ஊக்கமருந்து குறித்த 2007 மிட்செல் அறிக்கையில் அவர் பெயர் இடம்பெற்றது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதாகத் தொடரப்பட்ட வழக்கில் 2012 இல் விடுவிக்கப்பட்டார். எனினும் பத்தாம், இறுதி ஆண்டான 2022 இல் 65.2 விழுக்காட்டுடன் நின்றுபோனார். மறுபுறம், விதிக்குப் புறம்பாகப் பந்தில் எச்சில் தடவி எறிந்ததைத் தன் நூலிலேயே எழுதிய கேலார்ட் பெர்ரி 1991 இல் தேர்வானார். எந்தத் தவறு மன்னிக்கத்தக்கது என்பதற்கு விதியில் விடை இல்லை. அதை ஒவ்வொரு வாக்காளரும் தாமே முடிவு செய்கிறார்.

மாறும் ஆட்டம்

1966 இல் கோஃபாக்ஸ் 323 இன்னிங்ஸ் எறிந்து 27 வெற்றிகள் பெற்றார். 2021 இல் கார்பின் பர்ன்ஸ் 167 இன்னிங்ஸ் மட்டுமே எறிந்து சை யங் விருது வென்றார். இன்றைய அணிகள் ஓர் ஆட்டத்தைப் பல வீச்சாளர்களிடையே பகிர்கின்றன. 2009 இல் ரேண்டி ஜான்சன் 300 வெற்றிகளை எட்டிய பின் வேறு எவரும் அந்த எண்ணைத் தொடவில்லை. ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில் மட்டும் எறியும் வீச்சாளர்களும் இன்று மதிக்கப்படுகின்றனர். அவ்வகையினரான மரியானோ ரிவேரா 2019 இல் எல்லா வாக்குகளையும் பெற்றார். மண்டப வரலாற்றில் அவ்வாறு தேர்வான முதல் வீரர் அவரே.

தொடக்க வீச்சாளர்களுக்கோ புதிய அளவுகோல் இன்னும் நிலைபெறவில்லை. பழைய எண்ணிக்கையை வற்புறுத்தினால், இக்காலத்தின் தலைசிறந்த தொடக்க வீச்சாளர்களில் பலர் மண்டபத்தில் இடம்பெற மாட்டார்கள். குறுகிய காலத்து உச்சமே போதும் என்றால், பல ஆண்டுகள் தளராமல் உழைத்தவர்களின் மதிப்பு குறையும். காயத்தால் ஆட்டத்தை இழந்த ஒருவருக்கு எத்தனை சிறந்த ஆண்டுகள் போதும் என்பதே, வாக்காளர்கள் இனி விடை காண வேண்டிய கேள்வி.